நல்ல தோலும் பழைய முள்கரண்டியும்

(குறைந்த செலவில் கத்தியுறை செய்யத் தொடங்குவது பற்றி, கைத்தொழில் ஆர்வலர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



திருப்பாச்சேத்தியில் அருவாள் வாங்கியவர்கள் இங்கே சிலர் இருப்பீர்கள். பட்டறையில் அடித்து, சாணை பிடித்து, பிடி போட்டுக் கையில் கொடுப்பார்கள். அதை வீடு கொண்டுவந்து சேர்ப்பது நம் பாடு. செய்தித்தாளைச் சுற்றி, அதன்மேல் சாக்கைச் சுற்றி, சணலால் கட்டி, பஸ்ஸில் காலடியில் போட்டுக்கொண்டு வருவோம். வந்த பிறகும் அது அதே சாக்கோடு பரணில் கிடக்கும். தோட்டக்கத்திக்கும் ஒட்டுக்கட்டும் கத்திக்கும் மீன் அரியும் கத்திக்கும் இதே கதிதான். கத்திக்குப் பெயர்போன ஊர்கள் நம்மிடம் உண்டு. கத்தியோடு சேர்த்து உறையையும் கொடுக்கும் கடை அபூர்வம்.

பனையேறிகள் இதற்கு விதிவிலக்கு. பாளை சீவும் அரிவாள் சவரக்கத்திக்கு நிகரான கூர்மை கொண்டது. மரத்தில் ஏறும்போது இரண்டு கையும் மரத்தைப் பிடித்திருக்கும். ஆகவே அரிவாளை இடுப்பில் கட்டிய பெட்டியில் வைத்துக்கொண்டுதான் ஏறுவார்கள். அந்தப் பெட்டி சரியில்லையென்றால் ஆளுக்கு ஆபத்து. வேலைசெய்யும் கத்திக்கு உறை கத்தியைப் போலவே தேவை என்பதை அறிந்த மக்கள் அவர்கள். 1991-இல் ஆஸ்திரிய, இத்தாலிய எல்லையில் ஆல்ப்ஸ் பனிக்குள் கிடைத்த மனித உடலை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஓட்ஸி என்று பெயர் வைத்தார்கள். 5,000 ஆண்டுகளுக்கு முந்தைய மனிதர். அவரிடம் சிக்கிமுக்கிக் கல்லால் ஆன ஒரு சிறு கத்தி இருந்தது. அதற்கு மரப்பட்டை நாரில் பின்னிய உறையும், இடுப்பு வாரில் மாட்டுவதற்கு ஒரு தோல் வளையமும் இருந்தன. இரும்பு வருவதற்கு முன்பே உறை வந்துவிட்டது.

இப்போது நம் விஷயத்துக்கு வருவோம். இந்த வேலையைத் தொடங்க எவ்வளவு செலவாகும் என்பதுதான் என்னிடம் அதிகம் பேர் கேட்கும் கேள்வி. கேட்பவர்கள் பெரும்பாலும் கையில் ஒரு விளம்பரத்தோடு வருகிறார்கள். பெட்டி நிறையக் கருவிகள், முத்திரை குத்தும் அச்சுகள், ஓரம் சீவும் உளிகள், பலவண்ண நூல்கள் எல்லாம் சேர்த்து ஒரு விலை. இவற்றோடு கொஞ்சம் தோலும் தருகிறார்கள். அந்தத் தோலை விரலால் மடித்துப் பார்த்தாலே தெரியும், அது உறைக்கு ஆகாது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கருவியில் எவ்வளவு வேண்டுமானாலும் மிச்சம் பிடியுங்கள். தோலில் மிச்சம் பிடிக்காதீர்கள். கருவிகளில் பாதி உங்கள் வீட்டு அடுக்களையிலும் ஆணிப் பெட்டியிலும் இருக்கின்றன. சரியான தோலுக்கு மாற்று கிடையாது.

சரியான தோல் எது? இன்று உலகில் பதனிடப்படும் தோலில் மிகப் பெரும்பங்கு குரோம் தோல். குரோமிய உப்பில் பதனிட்டது. சட்டை போல மென்மையாக இருக்கும், விரைவில் தயாராகும், நிறம் நன்றாக ஏறும். காலணியின் மேற்பகுதிக்கும் கைப்பைக்கும் அது பொருத்தம். கத்தியுறைக்கு இரண்டு காரணங்களால் பொருந்தாது. ஒன்று, அது வடிவத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளாது. நனைத்து அழுத்தினாலும் காய்ந்ததும் பழையபடி துவண்டுவிடும். துவளும் உறைக்குள் கத்தியைச் செருகும்போது நுனி பக்கவாட்டில் குத்தி வெளியே வரும், பிடித்திருக்கும் கைக்குள்ளேயே வரும். இரண்டு, அதில் தங்கியிருக்கும் உப்பும் அமிலமும் ஈரக்காற்று பட்டால் இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும்.

நமக்கு வேண்டியது பட்டையில் பதனிட்ட தோல். கடைக்காரர்கள் ‘வெஜ் டேன்’ என்பார்கள். மரப்பட்டையிலும் காயிலும் உள்ள துவர்ப்புச் சத்து தோலின் நாருக்குள் ஏறி அதை அழுகாமல் காக்கிறது. நனைத்தால் இளகும், அழுத்திய இடத்தில் நிற்கும், காய்ந்தால் விறைக்கும். இந்த மூன்று குணமும் சேர்ந்ததுதான் உறை.

இந்தத் தோலுக்காகத் தமிழ்நாடு எங்கேயும் போய்க் கையேந்த வேண்டியதில்லை. ஈஸ்ட் இந்தியா தோல் என்று ஒரு பெயர் ஐரோப்பியச் சந்தையில் நூறாண்டுக்கும் மேலாகப் புழங்கியது. ஈ.ஐ. தோல் என்று சுருக்கிச் சொல்வார்கள். திண்டுக்கல், ஈரோடு, திருச்சி, ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைப் பக்கத்துத் தோல் ஷாப்புகளில் ஆவாரம்பட்டைத் தண்ணீரில் வாரக்கணக்கில் ஊறி, கடுக்காயில் முடிந்து, எண்ணெய் பூசிக் கப்பலேறிய தோல் அது. நம் தரிசுகளில் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும் அதே ஆவாரைதான். பின்னால் தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் பட்டை வந்தது. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் வாட்டில் மரமே நட்டார்கள். அந்த மரம் இன்று மலைப் புல்வெளிகளை மூடிக்கொண்டு நிற்பது தனியாக உட்கார்ந்து வருந்த வேண்டிய விஷயம். பிறகு குரோம் வந்து பெரும்பாலான ஷாப்புகளை எடுத்துக்கொண்டது. ஷாப்புகளின் கழிவுநீரால் பாலாறு என்ன ஆனது என்பது உங்களுக்குத் தெரியும். 1996-இல் உச்ச நீதிமன்றம் வரை போய்த் தீர்ப்பு வாங்கிய வழக்கு அது. பட்டைத் தோலின் கழிவுநீரும் சும்மா விடத் தகுந்தது இல்லை, அதையும் சுத்திகரித்துத்தான் விட வேண்டும். அந்தத் தோல் ஷாப்புகளில் உழைத்தவர்களின் வாழ்க்கையை அறிய விரும்பினால் டி. செல்வராஜ் எழுதிய ‘தோல்’ நாவலைப் படியுங்கள். திண்டுக்கல்லைக் களமாகக் கொண்டது, 2012-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது.

சென்னையில் இருப்பவர்களுக்குப் பெரியமேடு. அங்கே முழுத்தோலும் விற்பார்கள், வெட்டி மிஞ்சிய துண்டுகளை எடைபோட்டும் விற்பார்கள். தொடங்குகிறவர் துண்டுகளைத்தான் வாங்க வேண்டும். அலகு 4 அங்குலம் இருக்கும் ஒரு தோட்டக்கத்திக்கு உறை செய்ய அரைச் சதுர அடி தோல் தாராளம். ஒரு முழுத்தோல் வாங்கிச் சுருட்டி வைத்துப் பூஞ்சை பிடிக்கவிடுவதில் பொருளில்லை.

வாங்கும்போது எப்படிக் கண்டுபிடிப்பது? கடைக்காரர் சொல்லும் பெயரைவிட உங்கள் கண்ணை நம்புங்கள். வெட்டுவாயைப் பாருங்கள். குரோம் தோலின் நடுவில் ஒரு நீலச் சாம்பல் கோடு தெரியும். பட்டைத் தோல் மேலிருந்து கீழ்வரை ஒரே மர நிறமாக இருக்கும். நகத்தால் அழுத்துங்கள், தடம் பதிந்து நிற்க வேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சாயமோ மெழுகோ ஏற்றாத பட்டைத் தோல் என்றால் சொட்டு உள்ளே இறங்கி அந்த இடம் கறுக்கும். குரோம் தோலில் பெரும்பாலும் மேலேயே உருண்டு நிற்கும். தோலை மூக்கருகே கொண்டுபோனால் ஈரமரத்தின் வாசம் வரும். ஒருமுறை இந்த வாசம் பிடிபட்டுவிட்டால் பிறகு வேறு சோதனை தேவைப்படாது.

கனம் அடுத்த கேள்வி. உறைக்கு 3 முதல் 3.5 மில்லிமீட்டர் நல்லது. வெளிநாட்டுக் கையேடுகளில் அவுன்ஸ் கணக்கு போட்டிருப்பார்கள். ஒரு அவுன்ஸ் என்றால் சுமார் 0.4 மில்லிமீட்டர் கனம், 8 அவுன்ஸ் தோல் என்றால் 3.2 மில்லிமீட்டர். நம் ஈ.ஐ. தோல் பெரும்பாலும் ஆடு, செம்மறி, சிறிய மாட்டுத் தோல் என்பதால் மெல்லியது. கனமான எருமைத் தோலைக் கான்பூர்ப் பக்கம் சேணம் செய்வதற்காகப் பதனிடுகிறார்கள், அது பெரியமேட்டிலும் கிடைக்கும். கிடைக்கவில்லை என்றால் மெல்லிய தோல் இரண்டைச் சதைப்புறத்தோடு சதைப்புறம் வைத்து ஒட்டிவிடுங்கள். உள்ளும் புறமும் வழவழப்பான ஓர் உறை வரும். எனக்கு இந்த இரட்டைத் தோல் உறைதான் மிகவும் பிடிக்கும், ஒற்றைக் கனத் தோலைவிட விறைப்பாக நிற்கும். வயிற்றுப் பகுதித் தோலை மட்டும் தள்ளுங்கள். அது தளர்ந்தது, இழுபடும். முதுகும் தோளும் உறைக்கு ஏற்ற இடங்கள்.

பழைய பெல்ட்டை வெட்டிச் செய்யலாமா என்று கேட்பார்கள். முழுத்தோல் பெல்ட் என்றால் தாராளமாகச் செய்யலாம், இடுப்பு வளையத்துக்கு அதைவிட நல்ல பொருள் இல்லை. ஆனால் இன்றைய பெல்ட்டுகளில் பல, தோல் தூளைப் பசையில் பிணைத்து மேலே பிளாஸ்டிக் படலம் ஒட்டியவை. ஓரத்தைப் பிரித்துப் பாருங்கள். அட்டைபோல் உரிந்தால் குப்பைக்குப் போகட்டும்.

தோல் கையில் வந்துவிட்டது. இனி யாரிடம் கற்பது? அடையாறில் 1948 முதல் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, உலகம் மதிக்கும் நிறுவனம். ஆனால் ஊசி பிடிப்பதற்கு நீங்கள் முதலில் போக வேண்டிய இடம் உங்கள் பேருந்து நிலைய வாசல். அங்கே ஒரு குடையின் கீழ் செருப்புத் தைக்கும் பெரியவர் உட்கார்ந்திருப்பார். தோலைப் பற்றி அவருடைய விரல்களுக்குத் தெரிந்தது எந்தக் கையேட்டிலும் இல்லை. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கமலைச் சாலின் தோல் வாலைத் தைத்துக் கொடுத்தவர்களும், பறைக்குத் தோல் கட்டியவர்களும், நம் காலுக்குச் செருப்பு போட்டவர்களும் அருந்ததியர் உள்ளிட்ட மக்கள். அந்தக் கமலை இறைத்த தண்ணீரில் விளைந்ததை உண்டுகொண்டே அவர்களை ஊருக்கு வெளியே நிறுத்தினோம். இன்று படித்தவர்கள் பொழுதுபோக்காகத் தோல் தைப்பது ஒரு நாகரிகம் ஆகிவருகிறது. நல்லதுதான். அந்த நாகரிகத்துக்கு வருகிறவர்கள் இந்த அறிவு எவருடையது என்பதை மறந்துவிட்டு வரக்கூடாது. அந்தப் பெரியவரை ‘ஐயா’ என்று கூப்பிட்டு உட்கார்ந்து கேளுங்கள். அவருடைய நேரத்துக்குக் கூலி கொடுங்கள். ஊசியும் நூலும் பசையும் எந்தக் கடையில் மலிவு என்பதையும் அவரே சொல்வார்.

கருவிகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அலகு ஒடித்து ஒடித்துப் புதிதாக்கிக்கொள்ளும் காகிதக் கத்தி ஒன்று. இரும்பு ஸ்கேல் ஒன்று. குத்தூசி ஒன்று, அல்லது 1.5 மில்லிமீட்டர் பிட் போட்ட டிரில். முனை மழுங்கிய சாக்கு ஊசி இரண்டு. முறுக்கிய நைலான் அல்லது பாலியெஸ்டர் நூல். பருத்தி நூல் வேண்டாம், ஈரத்தில் இற்றுப்போகும். ஒரு கட்டித் தேன்மெழுகு, தேனீ வளர்ப்போரிடம் கிடைக்கும். செருப்புக்கு ஒட்டும் பசை, கடையில் ‘சொல்யூஷன்’ என்று கேட்டாலே கொடுப்பார்கள். உப்புத்தாள் மூன்று நான்கு தரத்தில். ஒரு பழைய முள்கரண்டி. முள்கரண்டி எதற்கு என்று பிறகு சொல்கிறேன். கருவிக் கணக்கு இவ்வளவுதான். டிரில் ஏற்கெனவே வீட்டில் இருந்தால் மற்றவற்றுக்கு ஐந்நூறு ரூபாயைத் தாண்டத் தேவையில்லை.

இனி வேலை. முதலில் காகிதத்தில் தொடங்குங்கள். காலண்டர் அட்டை மிகவும் ஏற்றது. உறைகளில் இரண்டு பெரிய மரபுகள் உண்டு. தோலைக் கத்தியைச் சுற்றி மடித்து முதுகுப்புறத்தின் நடுவில் தைப்பது ஒன்று. இலண்டனில் தேம்ஸ் நதிக்கரையைத் தோண்டியபோது சேற்றில் கெடாமல் கிடைத்த இடைக்கால உறைகளில் பல அப்படிப்பட்டவை. பின்லாந்தின் பூக்கோ கத்திக்கும் இன்றுவரை அப்படித்தான் தைக்கிறார்கள். அழகான முறை, ஆனால் கைப்பழக்கம் கேட்கும். மற்றது, தோலை இரண்டாக மடித்து, மடிப்பில் கத்தியின் முதுகையும் திறந்த பக்கத்தில் கூர்வாயையும் வைத்து, ஓரத்தில் தைப்பது. தொடங்குகிறவருக்கு இது போதும்.

அட்டையின் நடுவில் ஒரு நேர்கோடு போட்டு, கத்தியின் முதுகு அந்தக் கோட்டை ஒட்டியிருக்கும்படி படுக்க வைத்துச் சுற்றி வரையுங்கள். கூர்வாய்ப் பக்கம் ஒன்றரைச் சென்டிமீட்டர் இடம் விடுங்கள். பிடியில் மூன்றில் ஒரு பங்காவது உறைக்குள் இறங்க வேண்டும், ஏனென்றால் கத்தியைப் பிடித்து நிறுத்துவது அந்த இடம்தான். அட்டையைக் கோட்டில் மடித்து வெட்டினால் இரு பக்கமும் ஒன்றாக வரும். பின்பக்கத்தில் மேலே நீளமாக ஒரு நாக்கு விட்டுக்கொண்டால் அதை மடித்துத் தைத்து இடுப்பு வளையமாக்கிக்கொள்ளலாம். தனித்துண்டு வேண்டாம்.

இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். கத்தியை வலக்கையால் உருவுகிறவரா, இடக்கையா? அந்த நாக்கு எந்தப் பக்கத்தில் இருக்கிறதோ அது உடலை ஒட்டும் பக்கம். அட்டையைத் தலைகீழாகத் திருப்பித் தோலில் வைத்தால் இடக்கை உறை வந்துவிடும், வெட்டிய பிறகு திருத்த வழியில்லை. அட்டையைச் செலோடேப் போட்டு மூடி, கத்தியைச் செருகி, இடுப்பில் வைத்துப் பார்த்த பிறகே தோலில் வரையுங்கள். வழவழப்பான முகம் வெளியே வர வேண்டும் என்பதையும் அப்போதே அட்டையில் எழுதி வையுங்கள்.

இந்த உறையின் உயிர் எங்கே இருக்கிறது என்று கேட்டால், வெளியே தெரியாத ஒரு துண்டைக் காட்டுவேன். இரண்டு தோலுக்கும் நடுவில், கூர்வாய்ப் பக்கம் முழுவதும், ஒரு சென்டிமீட்டர் அகலத்தில் வைக்கும் தோல் பட்டை. இந்த இடைப்பட்டை இல்லாமல் நேராகத் தைத்துவிட்டால் என்ன ஆகும்? கத்தி உள்ளே போகும்போதும் வரும்போதும் அதன் கூர்வாய் தையல் நூலில் உரசும். ஒவ்வொரு முறையும் ஓர் இழை அறுபடும். ஒருநாள் உறை ஓரமாகத் திறந்துகொள்ளும், கை அங்கேதான் இருக்கும். இடைப்பட்டை இருந்தால் கூர்வாய் அந்தப் பட்டையைத்தான் தொடும், நூலைத் தொடவே முடியாது. கத்தியின் கனத்துக்கு உள்ளே இடமும் கிடைக்கும். கடையில் விற்கும் மலிவான உறைகளை எடுத்து வாய்ப்பகுதியை விரித்துப் பாருங்கள், பலவற்றில் இந்தப் பட்டை இருக்காது. காசு மிச்சம் பிடிக்கும் இடம் இதுவல்ல. வெட்டி விழுந்த துண்டிலேயே வந்துவிடும் பட்டை இது. அலகின் வளைவைப் பின்பற்றி, அலகிலிருந்து ஓரிரு மில்லிமீட்டர் தள்ளி அமையும்படி வெட்டுங்கள். உறையின் வாயில் அது கொஞ்சம் மேலேறியே நிற்கட்டும், கத்தி முதலில் மோதுவது அந்த இடத்தில்தான்.

வெட்டும்போது ஒரே அழுத்தில் அறுக்க முயலாதீர்கள். புது அலகை ஒடித்துக்கொண்டு, ஸ்கேலை ஒட்டி, மெதுவாக மூன்று நான்கு முறை இழுங்கள். முதலில் இடுப்பு வளையத்தைத் தைத்து முடித்துவிடுங்கள், உறை மூடிய பிறகு உள்ளே ஊசி போகாது. பிறகு ஓரங்களில் மட்டும், ஒட்ட வேண்டிய அகலத்துக்கு மட்டும், பசை பூச வேண்டும். வழவழப்பான முகத்தில் பசை பிடிக்காது, அங்கே உப்புத்தாளால் சொரசொரப்பாக்குங்கள். இரண்டு பக்கமும் பூசி, விரலில் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டு, அதன் பிறகே சேர்த்துச் சுத்தியால் தட்டுங்கள். அவசரப்பட்டு ஈரப்பசையோடு சேர்த்தால் பிடிக்காது. ஒட்டியதும் மூன்று தோலின் ஓரத்தையும் உப்புத்தாளில் தேய்த்து ஒரே சமமாக்குங்கள்.

இனி முள்கரண்டி. ஓரத்திலிருந்து 4 மில்லிமீட்டர் உள்ளே ஒரு கோடு போடுங்கள். தோலைக் கொஞ்சம் ஈரத் துணியால் துடைத்துவிட்டு, அந்தக் கோட்டில் முள்கரண்டியை அழுத்துங்கள். நான்கு புள்ளி விழும். கடைசிப் புள்ளியில் முதல் முள்ளை வைத்து மறுபடி அழுத்துங்கள். கோடு முழுக்கச் சம இடைவெளியில் புள்ளிகள் வந்துவிடும். இதே வேலைக்கு விற்கும் எஃகுக் கருவி, நீங்கள் வாங்கிய தோலைவிட விலை அதிகம். சாப்பாட்டுக் கரண்டியின் முள் இடைவெளி கொஞ்சம் அகலம், பழம் சாப்பிடும் சின்னக் கரண்டி என்றால் இன்னும் பொருத்தம். புள்ளிகளில் துளை போடும்போது தோலுக்குக் கீழே ஒரு பலகையை வைத்து, ஊசியோ டிரில்லோ நேர்செங்குத்தாக இறங்குகிறதா என்று பாருங்கள். சாய்ந்தால் முன்பக்கம் அழகாகவும் பின்பக்கம் தாறுமாறாகவும் இருக்கும்.

தையலுக்கு வருவோம். தையல் நீளத்தைப்போல் நான்கு மடங்கு நூல் எடுத்து, மேலே ஒரு கை நீளம் சேர்த்துக்கொள்ளுங்கள். தேன்மெழுகின் மேல் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தி இழுங்கள், நூல் மெழுகுபட்டு விறைக்கும்வரை. இரு முனையிலும் ஒவ்வோர் ஊசி. முதல் துளையில் நுழைத்து, இரண்டு பக்கமும் சம நீளம் இருக்கும்படி பிடியுங்கள். இனி ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஊசியும் எதிரெதிராகப் போக வேண்டும். இடக்கை ஊசி முதலில் நுழைந்து வலப்பக்கம் வரட்டும், நூலைக் கொஞ்சம் இழுங்கள். இப்போது வலக்கை ஊசியை அதே துளைக்குள் விடும்போது, ஏற்கெனவே துளையில் இருக்கும் நூலைச் சற்றுப் பின்னோக்கி இழுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். பிடிக்காவிட்டால் ஊசி அந்த நூலையே குத்திக்கொண்டு போகும், அதன் பிறகு தையல் இறுகாது. இரண்டையும் ஒருசேர இழுத்து இறுக்குங்கள். முறையை மாற்றாதீர்கள். இடது முதலில் என்றால் கடைசிவரை இடதே முதலில். அப்போதுதான் தையல் ஒரே சாய்வில் விழும்.

தையல் இயந்திரம் இருக்கும்போது எதற்கு இந்தப் பாடு? இயந்திரத் தையலில் மேல்நூலும் கீழ்நூலும் தோலின் நடுவில் ஒன்றை ஒன்று கொக்கிபோட்டு நிற்கின்றன. ஒரு நூல் ஓரிடத்தில் அறுந்தால் அடுத்தடுத்து நெகிழும். இரட்டை ஊசித் தையலில் ஒரு கண்ணி அறுந்தாலும் பக்கத்துக் கண்ணிகளைப் பிடித்துக்கொள்ள இன்னொரு நூல் அதே துளையில் இருக்கிறது. பாரிஸில் 1837-இல் குதிரைச் சேணப் பட்டறையாகத் தொடங்கிய ஹெர்மெஸ் நிறுவனம் தன் விலையுயர்ந்த கைப்பைகளுக்கு இன்றும் இந்தத் தையலைத்தான் போடுகிறது. உங்கள் வீட்டுத் திண்ணையில் நீங்கள் போடுவதும் அதே தையல். பேருந்து நிலையப் பெரியவர் கொக்கி ஊசியால் தைப்பது இதைவிட வேகமானது, ஆனால் கைப்பழக்கம் அதிகம் கேட்கும். இரட்டை ஊசியில் கை படிந்த பிறகு அவரிடம் அதையும் கற்றுக்கொள்ளுங்கள். உறையின் வாயில் இரண்டு முறை தையுங்கள், இழுவை முழுவதும் அங்கே விழும். முடிவில் இரண்டு மூன்று துளை பின்னோக்கித் தைத்து, நூலை ஒட்ட வெட்டி, முனையைத் தீக்குச்சியால் லேசாகச் சுட்டால் உருகி அடைத்துக்கொள்ளும்.

தைத்து முடித்த உறை தட்டையாக, உயிரில்லாமல் இருக்கும். அதை வெதுவெதுப்பான தண்ணீரில் முக்குங்கள். குமிழ்கள் வரும். குமிழ் அடங்கியதும் வெளியே எடுத்து, வடியவிட்டு, கத்தியைச் செருகுங்கள். கத்திக்கு எண்ணெய் தடவி, மெல்லிய பிளாஸ்டிக் தாளை இரண்டு மூன்று சுற்று சுற்றியிருக்க வேண்டும், இதை மட்டும் மறக்கவே கூடாது. இப்போது கட்டைவிரலால் பிடியின் விளிம்பைச் சுற்றி அழுத்துங்கள். தேய்க்காதீர்கள், நகம் படக்கூடாது, ஈரத்தோல் எல்லாத் தடத்தையும் வாங்கிக்கொள்ளும். பிடி முடிந்து அலகு தொடங்கும் இடத்தில் நன்றாக உள்ளே தள்ளுங்கள். அந்தப் பள்ளம்தான் கத்தியை விழாமல் பிடிக்கும். பட்டனோ வாரோ தேவைப்படாது. வடிவம் பிடித்ததும் கத்தியை மெதுவாக உருவிவிட்டு, நிழலில் ஒருநாள் முழுக்கக் காயவிடுங்கள். வெயிலிலோ அடுப்பருகிலோ வைத்தால் தோல் சுருங்கி வெடிக்கும்.

பிளாஸ்டிக் தாள் எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். பட்டைத் தோலில் இருக்கும் துவர்ப்புச் சத்து ஈரத்தில் இரும்பைத் தொட்டால் கறுத்துவிடும். ஆணி பட்ட இடம்கூட மை தெளித்ததுபோல் ஆகும். இந்தக் கறுப்பையே நாம் வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம். கலம்காரித் துணியில் கறுப்புக் கோடு எப்படி வருகிறது? துணியைக் கடுக்காயில் நனைத்துக் காயவைத்து, வெல்லத்தோடு துருப்பிடித்த இரும்பை ஊறப்போட்டு எடுத்த நீரால் எழுதுகிறார்கள். துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு. தோலிலும் அதுவே நடக்கிறது. துருப்பிடித்த ஆணிகளையோ பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரையோ வினிகரில் போட்டு, மூடியை இறுக்காமல் ஒரு வாரம் வைத்து, வடிகட்டித் துணியால் தோலில் பூசுங்கள். கண்ணெதிரே மரநிறம் சாம்பலாகி, சாம்பல் கறுப்பாகும். இது மேலே பூசும் சாயம் இல்லை, தோலே நிறம் மாறியது. ஆகவே கையில் ஒட்டாது, கீறினாலும் எளிதில் வெளுக்காது. அதன் பிறகு ஆப்பசோடா கரைத்த நீரால் துடைத்து, நல்ல தண்ணீரில் கழுவிக் காயவிடுங்கள், வினிகரின் புளிப்பு தோலில் தங்கக்கூடாது. செலவு இல்லாமல் இத்தனை ஆழமான கறுப்பைத் தரும் வேறு வழி எனக்குத் தெரியாது.

ஓரங்களை நைசான உப்புத்தாளால் தேய்த்து, கொஞ்சம் தண்ணீரும் சோப்பும் தொட்டு, வழவழப்பான மரக்குச்சியால் சூடு ஏறும்வரை உரசினால் மூன்று தோலும் ஒன்றாகி மினுங்கும். எண்ணெய் கொஞ்சமாகப் போதும். அளவு மீறினால் பாடுபட்டு வரவழைத்த விறைப்பு போய்விடும். தேன்மெழுகை உருக்கித் தேங்காய் எண்ணெய் கலந்து ஆறவிட்டால் மேல்பூச்சு தயார்.

முடிந்ததும் கத்தியைச் செருகி, கட்டில் மெத்தைக்கு மேலே தலைகீழாகப் பிடித்து மெதுவாக உதறிப் பாருங்கள். விழுந்தால் வாய்ப்பகுதியை மட்டும் நனைத்து மறுபடி அழுத்துங்கள். இறுக்கமாக இருந்தால் பொறுங்கள், பயன்பட்டால் தளரும். உறைக்குள் கத்தியை மாதக்கணக்கில் பூட்டி வைக்காதீர்கள். பட்டைத் தோலும் காற்றின் ஈரத்தை இழுக்கும், நம் பட்டறை இரும்பு அதைத் தாங்காது. வேலைக்குப் போகும்போது உறை, வீட்டில் இருக்கும்போது எண்ணெய் தடவிய கத்தி தனியே. தோட்டத்துக்குள் இடுப்பில் கட்டுங்கள், கடைத்தெருவுக்குப் போகும்போது கழற்றிப் பையில் வையுங்கள். 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளை ஆயுதச் சட்ட விதிகள் தனியாகப் பார்க்கின்றன. வீட்டு, வேளாண், தொழில் வேலைக்கென்று வடிவமைத்தவற்றுக்கு விலக்கு உண்டு. ஆனால் அது எந்த வேலைக்கான கத்தி என்பதைக் காவலருக்கு நடுத்தெருவில் விளக்கும் நிலையை நீங்களே வரவழைத்துக்கொள்ள வேண்டாம்.

பின்னால் இருக்கும் மேசையில் குரோம் துண்டுகளையும் பட்டைத் தோல் துண்டுகளையும் கலந்து போட்டிருக்கிறேன், பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீரும் இருக்கிறது. எது எது என்று நீங்களே பிரித்துப் பாருங்கள். துளை போட்ட பட்டைகளும் மெழுகிட்ட நூலும் ஊசிகளும் வைத்திருக்கிறேன். நேரம் இருப்பவர்கள் உட்கார்ந்து ஒரு வரிசை தைத்துவிட்டுப் போகலாம். நானும் அங்கேதான் இருப்பேன்.